வளைந்து போன உழவு

இதைச் செய்தது நான்.

அப்படி நினைத்த உடனே மார்சலிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் மணல்மேட்டின் உச்சியில் காற்றையும் நாலைந்து ஆடுகளையும் தவிர வேறு யாரும் இல்லை. நினைப்பு யார் காதிலும் விழப்போவதில்லை. அதனால் இன்னொரு முறை, நிதானமாக, சுவைத்துப் பார்ப்பதுபோல நினைத்தாள். இதைச் செய்தது நான். வந்த புதிதில் இந்த ஊர்க்கூடத்தில் என்னை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. சனிக்கிழமை அதே ஊர் சாலையோரத்தில் பலகை நடப்போகிறது.

பலகையில் ஆர்ட்வோரன் என்று ஊர்ப்பெயர் இருக்கும். அதன் கீழே பெருமஞ்சள் வண்டின் படம் இருக்கும். கம்பளி போர்த்தியதுபோல் உடம்பெல்லாம் மஞ்சள் ரோமமும் நடுவில் ஒரு கறுப்புப் பட்டையுமாக இருக்கும் அந்தக் குண்டு பம்பிள் தேனீயை, ஸ்காட்லாந்தின் இந்தக் கடைசித் தீவுகளையும் வடக்கு ஓரத்தையும் விட்டால் பிரிட்டனில் வேறெங்கும் பார்ப்பது அரிது. அவள் வேலை செய்யும் அறக்கட்டளை இருப்பதே இந்த மாதிரி வண்டுகளுக்காகத்தான்; பலகையைத் தருவதும் அதுதான். ஆர்ட்வோரனில் அது ஒரு தலைமுறையாகக் கண்ணில் படவில்லை. மார்சலி வந்த பிறகு, மூன்று கோடைகளாக, ஒவ்வொரு கோடையிலும் முந்தினதைவிட அதிகமாகப் பட்டது.

பட்டது என்றால் சும்மா பட்டதல்ல. கணக்கில் பட்டது. மாதம் ஒருமுறை, வெயில் அடிக்கிற ஒரு நாளில், கடற்புல்வெளியில் ஒரே வழியில் நடக்கவேண்டும். கல்லறைச் சுவரில் தொடங்கி, பழைய உழவு விட்டுப்போன தாழ்வான ஏர்மேட்டில் இடப்பக்கம் திரும்பி, ஓடையருகே மறுபடி திரும்பி, கடற்கரைக்குத் திறக்கும் கடல்வாசலில் முடிக்கவேண்டும். நடக்கும்போது தனக்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி நகர்வதாக வைத்துக்கொள்ளவேண்டும். பக்கத்துக்கு இரண்டு எட்டு, முன்னால் நாலு எட்டு. பெட்டிக்குள் வரும் வண்டை எண்ணலாம். வெளியே இருப்பதை எண்ணக்கூடாது. ஒருமுறை ஒரு பெருமஞ்சள் பின்னாலிருந்து வந்து அவள் தொப்பியிலேயே உட்கார்ந்துவிட்டுப் போனது. எண்ணவில்லை. அன்று இரவு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், கொஞ்சம் வயிறும் எரிந்தது.

பலகை விழாவுக்கு மேலேயிருந்து ஒரு படம் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். அதற்காகத்தான் மேடு ஏறியிருந்தாள். கைப்பேசியை எடுத்து நிலத்தை நோக்கிப் பிடித்தாள்.

பிடித்த கை அப்படியே நின்றது.

ஆகஸ்டு மாதத்து வெளி, பாதி பச்சையும் பாதி ஓட்ஸ் பயிரின் வெளிறிய நிறமுமாகக் கிடந்தது. அதன் நடுவே சிவப்பும் ஊதாவுமாக ஒரு பட்டை ஓடியது. கல்லறைச் சுவரில் தொடங்கியது. ஏர்மேட்டில் இடப்பக்கம் திரும்பியது. ஓடையருகே மறுபடி திரும்பியது. அவள் எங்கெங்கே திரும்புவாளோ அங்கெல்லாம் திரும்பி, கடல்வாசலில் போய் நின்றது. ஓட்ஸ் வரிசைகள்கூட அதற்கு வழிவிட்டு இரண்டு பக்கமும் வளைந்திருந்தன.

மூன்று வருஷமாக நான் பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன், என்று நினைத்தாள். ஒரு தடவைகூட இந்த மேட்டில் ஏறவில்லை.

கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம், ரானல் வேலிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர். கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கை ஓய்ரிக்கோடு இருப்பவர். தீவின் உழவுப் போட்டியில் நேரான சாலுக்கு வாங்கிய வெள்ளிக் கோப்பைகள் அவர் வீட்டு ஜன்னலில் வரிசையாக நிற்கும். சாலையில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று முகத்தை வெளியே திருப்பி வைத்திருப்பார்.

மார்சலி கிட்டே போவதற்குள்ளேயே அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"மேட்டு மேல நின்ன. பாத்துட்டியா?"

"பாத்தேன்."

"அப்பாடா! மூணு வருஷம் ஆச்சு வண்டுக்காரிக்கு. ஓய்ரிக் அப்பவே சொன்னா, அந்தப் பொண்ணு மூக்குக்கு முன்னாடி நாலடி தாண்டி எதையும் பாக்காது, நீயா சொன்னாத்தான் உண்டுன்னு. நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். அதுவா பாக்கட்டும்னேன்."

"யாரு விதைச்சது, ரானல்?"

"எல்லாரும்தான். சிவப்புப் பூவுக்கு க்ளோவர் விதை ஓய்ரிக் குடுத்தா. ஊதாப்பூவெல்லாம் பள்ளிக்கூடத்துப் பசங்க பொறுக்குனது. லக்லன் தன் மாட்ட அந்தப் பக்கமே விடல, வசந்தம் பூரா மின்கம்பி கட்டி வெச்சான். அவன் மாட்டுக்கு அதுல ஏக கோபம். உழவு நான்."

"நீங்க நேராத்தானே உழுவீங்க?"

ரானல் கையுறையைக் கழற்றி, உள்ளே மண் இருப்பதுபோல உதறினார்.

"நேராத்தான் உழுவேன். இந்தத் துண்ட மட்டும் வளைச்சு உழுதேன். பக்கத்து ஊர் ஸ்டோர்னிஷ்காரனுங்க ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு சிரிச்சானுங்க. ரானல் குடிச்சிட்டு டிராக்டர்ல ஏறிட்டான்னு கடையில பேச்சு. போங்கடான்னு விட்டுட்டேன்." அவர் நிலத்தைப் பார்த்தார். "நீ எங்க திரும்புறியோ அங்கதானே நானும் திரும்பணும்?"

இதுதான் சமயம், இது கணக்கைக் கெடுத்துவிட்டது என்று இப்போதே சொல்லிவிடு, என்று ஒரு குரல் அவளுக்குள்ளே சொன்னது. அவள் வாயில் வந்ததோ வேறு.

"ரொம்ப அழகா இருக்கு."

"பின்னே?" என்றார் ரானல். சுத்தியலை எடுத்துக்கொண்டார். இரண்டாவது அடியிலேயே கம்பம் இறங்கியது.

காரில் ஏறியும் அவள் வண்டியைக் கிளப்பவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி இருந்தாள்.

யாருக்கும் தெரியாது. அதுதான் முதலில் தோன்றியது. தோன்றிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. ஊருக்குத் தெரியாது, செய்தது தப்பு என்று. கடல் தாண்டி அலுவலகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது, இப்படி ஒன்று நடந்தது என்று. மேலேயிருந்து எடுக்கச் சொன்ன படத்தை எடுக்க முடியவில்லை, காற்று, என்று சொன்னால் முடிந்தது. எண்ணிய வண்டுகள் பொய்யில்லை. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத்தான் எண்ணினாள். பின்னே என்ன?

பின்னே என்ன என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தக் கோடு ஊருக்காகப் பேசவேண்டிய கோடு. கோட்டில் வண்டு கூடினால் வெளி முழுவதும் கூடுகிறது என்று அர்த்தம். அதனால்தான் எங்கே போகிறது என்று பாராமல், பூ இருக்கிற இடம் இல்லாத இடம் என்று தேர்ந்தெடுக்காமல், குருட்டுத்தனமாகப் போட்ட கோடு அது. இப்போது அது ஊருக்காகப் பேசவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று பார்த்துப் பேசுகிறது.

மேட்டின் மேல் நினைத்தது ஞாபகம் வந்தது. இதைச் செய்தது நான். காதுமடல் சுட்டது. ஆனாலும், இது என்ன விசித்திரம், அந்தப் பெருமை முழுவதும் போய்விடவில்லை. ஒரு வகையில் கூடியிருந்தது. தன்னைப் பற்றிய பெருமை இருந்த இடத்தில், வளைந்த சாலும் கோபப்பட்ட மாடும் வந்து உட்கார்ந்திருந்தன. யாருக்காவது இப்படி ஒரு ஊர் வாய்த்திருக்குமா? அந்த ஊரிடம்தான் போய், நீங்கள் செய்தது கெடுத்துவிட்டது என்று சொல்லவேண்டும்.

டிலிஸை அழைத்தாள். நாடு முழுக்க நடக்கிறவர்கள் அனுப்பும் எண்ணிக்கையெல்லாம் அலுவலகத்தில் டிலிஸின் மேஜைக்குத்தான் வந்து சேரும். வேல்ஸ்காரி. வாய் நீளம்.

கேட்டு முடித்ததும் டிலிஸ் முதலில் சிரித்தாள். அடக்க முடியாமல், நாற்காலி கிறீச்சிட, சிரித்தாள்.

"உன் காலடியில பூ விரிச்சிருக்காங்கடி! ராணிக்குக் கூட இப்படி செஞ்சிருக்க மாட்டாங்க."

"டிலிஸ்."

"சரி, சரி." சிரிப்பு நின்றது. "அறிக்கையில போயிடுச்சு தெரியுமா? வடக்குப் பக்கத்துல ஏறுமுகம்னு நாம பெருசா காட்டுறோமே, அதுல பாதி உன் ஊருதான்."

"தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன்."

"நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அதுவும் தெரியும்."

"எங்கப்பா தோட்டத்துல எண்ணி அனுப்புவார். நல்ல மனுஷன், ஒரே வண்ட மூணு தடவ எண்ணுவார். போன வருஷம் அவர் கணக்க மொத்தமா தூக்கிட்டேன். கிறிஸ்துமஸ் வரைக்கும் பேசல." டிலிஸ் மூச்சு விட்டாள். "பேசலன்னா என்ன, தூக்கித்தானே ஆகணும்? நாம என்ன பெரிய ஆளுங்களா? நம்மகிட்ட பணம் கெடையாது, நிலம் கெடையாது. நாம எண்ணினா சரியா இருக்கும்னு நாலு பேர் நம்புறாங்க. அது ஒண்ணுதான் நம்ம சொத்து."

"பலகை?"

"மேடம்கிட்ட நான் பேசறேன். நீ ஊர்ல பேசு. உன் வேலதான்டி கஷ்டம்."

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மூன்று வருஷத்து எண்ணிக்கை நீக்கப்படும். சனிக்கிழமை பலகை வராது. அடுத்த வருஷத்திலிருந்து ஆர்ட்வோரனில் புதுக் கோடு. அதுவும் உழவும் விதைப்பும் முடிந்த பிறகே நடக்கத் தொடங்கவேண்டும். வருஷா வருஷம் மாற்றவேண்டும். முதல் கோட்டை டிலிஸ் அப்போதே குருட்டுச்சீட்டு எடுப்பதுபோல் எடுத்து, மார்சலியின் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு வரி: 'யார்கிட்டயும் மூச்சு விடாதே.'

மறுநாள் காலையில் மார்சலி கோட்டை விட்டு விலகி, மீதி வெளியில் கால்போன போக்கில் நடந்தாள். வெயில் நன்றாக இருந்தது. சாதாரண வண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. பெருமஞ்சள் ஒன்றுகூட இல்லை. திரும்பி வரும்போது பட்டைக்குள் கால் வைத்தாள். வைத்த இடத்திலேயே ஒன்று, க்ளோவர் பூவில் தொங்கிக்கொண்டு, பின்னங்கால் இரண்டிலும் மகரந்தம் உருட்டி வைத்துக்கொண்டு, அவளைச் சட்டையே செய்யாமல் வேலையைப் பார்த்தது. எண்ணவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் ஊர்க்கூடத்தில் விழா ஏற்பாட்டுக்காக எல்லோரும் கூடியிருந்தார்கள். ஓய்ரிக் நீள மேஜையில் கேக்குகளை வெட்டாமல், துணி போட்டு மூடி வைத்திருந்தாள், நாளைக்கு உள்ளது. இன்றைக்கு அப்பமும் வெண்ணெயும்தான். லக்லன் ஒரு ஆண் வண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு வந்து, கூடத்தைப் பெருக்க வந்த பெண்ணிடம் நீட்டி அலறவைத்துக் கொண்டிருந்தார்.

"மீசைய பாரு, மீசைய பாரு! மஞ்ச மீசை இருந்தா ஆம்பள. கொட்ட மாட்டான். வண்டுக்காரி சொல்லிக் குடுத்தது."

"உனக்கும்தான் மீசை இருக்கு," என்றாள் ஓய்ரிக். "வாய்தான் கொட்டுது. வெளிய விடுடா அத."

மார்சலி எழுந்து நின்றாள். நேற்றிலிருந்து மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன.

"நாளைக்கு பலகை வராது," என்றாள்.

பிறகு காரணத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லும்போது ரானலைப் பார்க்கவேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள், பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. தேநீர்க் கோப்பையை மட்டும் மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்ப வண்டு வரலன்னு சொல்றியா?" என்றார்.

"வந்துச்சு. நான் எண்ணினது ஒவ்வொண்ணும் நெசம். ஆனா அந்தக் கோடு மொத்த நிலத்துக்கும் பதில் சொல்லணும், ரானல். நீங்க கோட்டுக்கு மட்டும் பூ போட்டுட்டீங்க. அதிகாரி வந்து மந்தையில ஒரே ஒரு ஆட்டத்தான் பாப்பார்னு தெரிஞ்சு, அந்த ஆட்டுக்கு மட்டும் தீனி போட்டா?"

எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. லக்லன்.

"ஏன் சிரிக்கிற? நீ பண்ணினதுதானே அது," என்றாள் ஓய்ரிக்.

"அதனாலதான் சிரிக்கிறேன்."

ஓய்ரிக் சிரிக்கவில்லை. கேக்கின் மேலிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள், சரியாகத்தான் இருந்தது.

"உனக்காகத்தான் செஞ்சோம்," என்றாள். "நீ நடக்குற வழி நல்லா இருக்கணும்னு. யாரையும் ஏமாத்தணும்னு இல்ல."

"தெரியும்."

"ஸ்டோர்னிஷ்காரனுங்களுக்கு நாளைக்கு பத்திரிகை வெச்சாச்சு. அவனுங்க முன்னாடி எங்க மூஞ்சிய எங்க வெச்சுக்குறது? ஒரு நாள் நின்னு, ஆமான்னு சொல்லிட்டுப் போனா உனக்கு என்ன கொறஞ்சிடும்? அடுத்த வருஷம் சரி பண்ணிக்கோ. யாரு கேக்கப் போறாங்க?"

எனக்கு என்ன குறைந்துவிடும்? மார்சலி அந்தக் கேள்வியை உள்ளே ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். நேற்றுக் காரில் தனக்குத்தானே கேட்டதும் இதேதான். அதனால் ஓய்ரிக்மேல் கோபம் வரவில்லை.

"நீங்க வளைச்சு உழுதத யாராவது நேரா இருக்குன்னு சொன்னா, கோப்பை வாங்கிப்பீங்களா?" என்று ரானலைப் பார்த்துக் கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாதோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. ரானலின் கோப்பைகளைப் பற்றி அந்த ஊரில் யாரும் விளையாட்டாகப் பேசுவதில்லை.

ரானல் தேநீர்க் கோப்பையை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"மாட்டேன்," என்றார். பிறகு தங்கையிடம் திரும்பினார். "அந்தக் கேக்க வெட்டு."

"நாளைக்கு..."

"நாளைக்கு ஒண்ணும் இல்லியே. வெட்டு."

ஓய்ரிக் முணுமுணுத்துக்கொண்டே கத்தியை எடுத்தாள். முதல் துண்டை, யாருக்கு வைப்பது என்று யோசிப்பவள்போல் நின்றுவிட்டு, மார்சலியின் முன்னால், கொஞ்சம் சத்தமாகவே, வைத்தாள்.

லக்லன்தான் விரலை மடக்கி மடக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இரு, இரு. நாங்க விதைச்ச எடத்துக்கு வந்துச்சு. விதைக்காத எடத்துக்கு வரல. அதானே நீ சொல்றது?"

"அதேதான்."

"அப்ப வேல செஞ்சிருக்குல்ல!"

மூன்று வருஷத்து எண்ணிக்கை போனதையே நினைத்துக்கொண்டிருந்ததில், இதை யாரும் இப்படிச் சொல்லிப் பார்க்கவில்லை, அலுவலகத்தில் டிலிஸ்கூட. ஒரு கை விதையும், மாட்டைத் தடுத்த ஒரு கம்பியும். அவ்வளவுக்கே, ஒரு தலைமுறையாகக் காணாமல் போன உயிர் எங்கிருந்தோ தேடிக்கொண்டு வந்திருந்தது. அந்தப் பட்டை பொய்க்கணக்கு என்பது உண்மை. அந்தப் பட்டையை இந்தக் கூடத்தில் இருக்கிறவர்கள் உண்டாக்கினார்கள் என்பதும் உண்மை.

"செஞ்சிருக்கு," என்றாள். "நீங்க செஞ்சது வேல செஞ்சிருக்கு. அத நான் எங்க வேணா சொல்வேன்."

"கேட்டியா?" லக்லன் மேஜையைத் தட்டினார். "ஸ்டோர்னிஷ்காரனுங்களால ஒரு வண்ட வரவழைக்க முடியுமா?"

"அவனுங்ககிட்ட ஈதான் வரும்," என்றாள் ஓய்ரிக். கத்தி இப்போது வேகமாக நகர்ந்தது.

பேச்சு கிளம்பிவிட்டது. விதை போதுமா, எங்கே வாங்குவது, வெளி முழுக்க மாட்டைத் தடுத்தால் மாடு எங்கே போவது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். மார்சலி கேக்கைத் தின்றாள். பசி இருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. இவர்களில் ஒருவரும் என்னை வெளியே போ என்று சொல்லவில்லை, என்று நினைத்தாள். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள வார்த்தை கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

ரானல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளருகே வந்து உட்கார்ந்தார்.

"புதுக் கோடு போட்டுட்டாங்களா?"

"போட்டாச்சு."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "விதைப்பெல்லாம் ஏப்ரல்ல. டிராக்டர் என்னோடது. எங்க போகுதுன்னு மட்டும் சொல்லிடு. முழுசா வேண்டாம். கல்லறைப் பக்கமா, கடல் பக்கமா? ஓரமா ஒரு துண்டு விட்டு வெச்சா போதும், மத்தத நேரா உழுதுடுவேன். யாருக்கும் தெரியாது."

அவர் கண்ணில் குறும்பு இருந்தது. ஆனால் வெறும் குறும்பு இல்லை. நேராக உழ ஆசைப்பட்ட ஒரு மனிதர் நிஜமாகவே கேட்டார். அவளுக்காக ஊர் சிரிக்க வளைந்து போனவர். அவரிடம் எதையும் மறைப்பது அவளுக்குக் கைவராத காரியம்.

மார்சலி கைப்பேசியை மேஜையிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன், ரானல்," என்றாள்.